முத்திரை வைத்த பெட்ரோல்

“இன்னொரு தடவை திருப்பு” என்றாள் அண்ணி.

அவன் சாவியைத் திருப்பினான். அந்தப் பழைய கார் க்ர்ர்ர், க்ர்ர்ர் என்று நன்றாகத் தொண்டையைச் செருமிக்கொண்டது. அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசுவேனா என்று அடமாக உட்கார்ந்துவிட்டது.

“அண்ணி, உங்களை முதல்முதல்ல பார்த்தப்ப எங்கண்ணன் இப்படித்தான் இருந்தான். செருமல் வருது, பேச்சு வரல.”

“அவரை நான் பேச வெச்சேனா இல்லையா?”

“வெச்சீங்க. இப்ப நிறுத்தத்தான் ஆள் தேடிட்டிருக்கோம்.”

அண்ணி சிரிக்கவில்லை. ஒரு கேஸில் இறங்கிவிட்டால் அவளுக்குச் சிரிப்பு மெதுவாகத்தான் வரும். சில சமயம் அடுத்த கேஸில் வரும்.

அவள் துப்பறிவாளர். அவன் அவளுக்குக் கொழுந்தன், உதவியாளன், வண்டியோட்டி, அவசரத்துக்குச் சுவரேறிக் குதிக்க ஓர் ஆள். கட்சிக்காரர்கள் எதிரிலேயே அவன் ‘அண்ணி, அண்ணி’ என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, இப்போது கட்சிக்காரர்களுக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். கால்களில் கான்வாஸ் ஷூ, வாயில் ஓர் ஏலக்காய். ஏலக்காயை இடது கன்னத்திலிருந்து வலது கன்னத்துக்கு மாற்றினால் ஏதோ பிடிபட்டுவிட்டது என்று அர்த்தம். அன்றைக்குக் காலையில் அது இன்னும் இடது கன்னத்தில்தான் இருந்தது.

கட்சிக்காரர் காருக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர், நெடுநெடுவென்று உயரம். கடைத் தராசு, எடைக்கல், எண்ணெய் அளக்கும் பாத்திரம் எல்லாவற்றையும் சோதித்து முத்திரை வைப்பதுதான் வாழ்நாள் முழுக்க அவர் பார்த்த வேலை. வேலை ஓய்ந்தும் கை ஓயவில்லை. தெருவில் அவருக்கு ‘முத்திரை சார்’ என்றே பெயர். வாசலில் வரவேற்கும்போது பூப்போட்ட சட்டையில் இருந்த கொழுந்தனைப் பார்த்து “வாங்கம்மா” என்றும், அண்ணியைப் பார்த்து “வாங்க சார்” என்றும் சொல்லியிருந்தார். அந்த வருத்தம் அவனுக்கு இன்னும் ஆறவில்லை.

முத்திரை சாரின் புகார் இதுதான். இரண்டு மாதமாக டாங்கில் பெட்ரோல் தானாகக் குறைகிறது. யாரோ திருடுகிறார்கள் என்று சந்தேகப்பட்டு, பத்து நாளாக டாங்க் மூடிக்கு நூல் சுற்றி, அரக்கு ஊற்றி முத்திரை வைத்திருக்கிறார். முத்திரை ஒரு நாளும் உடையவில்லை. பெட்ரோல் மட்டும் குறைந்துகொண்டே போகிறது. இது போதாதென்று, முத்திரை வைத்த மறுநாளிலிருந்து காலையில் வண்டி ஸ்டார்ட் ஆவதும் நின்றுபோனது.

“பூட்டின அறைக்குள்ள கொலைன்னு கேள்விப்பட்டிருக்கேன். பூட்டின டாங்குக்குள்ள பெட்ரோல் தற்கொலைன்னு இப்பத்தான் கேள்விப்படறேன்” என்றான் கொழுந்தன்.

முத்திரை சார் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவருக்குக் குற்றவாளி யார் என்பதில் சந்தேகமே கிடையாது. அவன் இதோ, பத்தடி தள்ளி நிற்கிறான். அவருடைய காம்பவுண்டின் ஓரத்திலேயே, இந்தக் காரும் நிற்கிற தகர ஷெட்டில் பழைய வண்டிகளைப் பார்க்கிற மெக்கானிக். வண்டி நின்றதும் அவனைத்தான் கூப்பிட்டார். அவன் வந்தால் வண்டி ஓடும். பம்பை மாற்றினான், ஓடியது. மறுநாள் காலையில் நின்றது. ஃபில்டரை மாற்றினான், ஓடியது. மறுநாள் காலையில் மறுபடி நின்றது.

“அவன் தொட்டா ஓடுது, அவன் போனா நிக்குது. பெட்ரோலையும் எடுத்துக்கிட்டு வண்டியையும் கெடுக்கறான். இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள ஷெட்டைக் காலி பண்ணணும்னு சொல்லிட்டேன். ஆதாரம் மட்டும் நீங்க எடுத்துக் கொடுங்க” என்றார்.

மெக்கானிக் வாதாடவே இல்லை என்பதுதான் விசித்திரம். முப்பது வயதிருக்கும், அதிகம் பேசாத ஆள். ஷெட் வாசலில் கழற்றிப் போட்ட இரண்டு எஞ்சின்கள் கிடந்தன. சாயங்காலம் இதையெல்லாம் வாரிக்கொண்டு எங்கே போவான், அந்த வண்டிக்காரர்களுக்கு என்ன பதில் சொல்வான் என்று கொழுந்தனுக்கே கவலையாகிவிட்டது. வண்டியை ஏதாவது செய்தீர்களா என்று அண்ணி கேட்டதற்கு, தனக்கே பிடிபடாத ஒரு கோளாறு அதில் இருக்கிறது, அதுதான் உண்மை என்றான். பெட்ரோல் எடுத்தீர்களா என்று கேட்டபோது மட்டும் அவன் பார்வை ஒரு தடவை வீட்டுச் சமையலறை ஜன்னல் பக்கம் போய்விட்டு வந்தது.

ஏலக்காய் கொஞ்சம் அசைந்தது. ஆனால் கன்னம் மாறவில்லை.

அவன் வண்டியைத் தொடக்கூடாது என்பது முத்திரை சாரின் கட்டளை. அதனால் மெக்கானிக் பத்தடி தள்ளி நின்று சொல்லச் சொல்ல, கொழுந்தன் செய்வது என்று ஏற்பாடாயிற்று. ஒரு காலத்தில் ஸ்கூட்டர் வைத்திருந்தவன் என்பதால் தனக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு என்று அவன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டான்.

முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றி, எஞ்சினுக்குப் பெட்ரோல் ஊட்டும் கார்புரேட்டரின் வாயில் பாட்டிலிலிருந்து கொஞ்சம் பெட்ரோலை விடச் சொன்னான் மெக்கானிக். விட்டுவிட்டு முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளச் சொன்னான். அண்ணி சாவியைத் திருப்பினாள். வண்டி உயிர் வந்து உறுமியது. நாலு மூச்சு விட்டதும் அடங்கிப்போனது.

“பொறி வருது, காத்து வருது. கொடுத்தா குடிக்குது. பெட்ரோல் அங்க வந்து சேரலம்மா, அவ்வளவுதான்” என்றான் மெக்கானிக்.

“ஆக, சாப்பிடறவர் நல்லாத்தான் இருக்கார். பரிமாறத்தான் ஆள் வரல” என்றாள் அண்ணி.

அடுத்தது பம்ப். பம்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் குழாயைக் கழற்றி ஒரு காலி பாட்டிலுக்குள் விட்டுப் பிடித்துக்கொண்டான் கொழுந்தன். எஞ்சினைச் சுற்றவிட்டால் பாட்டிலில் பீச்சி அடிக்க வேண்டும். அடிக்கவில்லை. வேண்டா வெறுப்பாக இரண்டு சொட்டு விழுந்தது. பம்ப் புதிது, நேற்று முன்தினம் போட்டது. அதுவும் கெட்டுவிட்டதா? டாங்கிலிருந்து வரும் குழாயை உருவிவிட்டு, பம்பின் அந்த வாயைக் கட்டை விரலால் மூடிப் பார்க்கச் சொன்னான் மெக்கானிக். அண்ணி மறுபடி திருப்பினாள்.

“விரலை இழுக்குது அண்ணி. விட்டா மோதிரத்தையும் கழட்டிக்கும்.”

பம்ப் நன்றாகவே உறிஞ்சியது. அது கேட்கிறது, டாங்க் கொடுக்க மாட்டேன் என்கிறது. குழாய்களைப் பழையபடி மாட்டிவிட்டு டாங்கில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் பாக்கி. பெட்ரோல் காட்டும் முள் பல வருடமாகத் தூங்குகிறது, வேகம் காட்டும் முள்ளும் அதற்குத் துணையாகப் படுத்துவிட்டது. மூடியைத் திறந்துதான் பார்த்தாக வேண்டும்.

“திறக்கலாம். எல்லாரும் வெளியில போங்க” என்றார் முத்திரை சார்.

“எதுக்கு?”

“முத்திரை எப்படி வெச்சிருக்குன்னு சந்தேகத்துல இருக்கற ஆள் பார்க்கக்கூடாது. பார்த்தா அதே மாதிரி செஞ்சு வெச்சிடுவான். நான் சர்வீஸ்ல இருந்த வரைக்கும் இதுதான் முறை.”

நாங்களுமா என்று அண்ணி கேட்டாள். முறை என்றால் எல்லோருக்கும் முறைதான் என்றார். துப்பறிவாளரும் உதவியாளரும் சந்தேகத்துக்குரியவருமாக மூன்று பேரும் ஷெட்டுக்கு வெளியே வரிசையாக நின்றார்கள். உள்ளே நூல் அறுபடும் சத்தம். அப்புறம் ஒரு திருகல். அதையடுத்து நீளமாக ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம்.

“பாவம், என்ன பெருமூச்சு விடறார் பாருங்க” என்றான் கொழுந்தன்.

அண்ணி அவனைத் திரும்பிப் பார்த்தாள். மெக்கானிக் அதைக் கவனிக்கவில்லை. அவன் சமையலறை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

உள்ளே போனபோது மூடி டாங்கில் இல்லை, சாரின் சட்டைப் பாக்கெட்டில் புடைத்துக்கொண்டிருந்தது. அவர் ஒரு மரக் குச்சியை டாங்குக்குள் விட்டு எடுத்தார். அதில் கோடுகளுக்குப் பதிலாகக் கத்தியால் ஆழ ஆழமாக வெட்டு வைத்திருந்தார். குச்சியைப் பார்க்காமலே ஈரத்தைக் கட்டை விரலால் தடவிக்கொண்டு வந்து, ஓரிடத்தில் நிறுத்தி வெட்டுகளை எண்ணினார். நேற்றுக் காலையில் வைத்த முத்திரை உடையவில்லை, ஆனால் ஒரு வெட்டுக் குறைகிறது என்று அறிவித்தார். பெட்ரோல் பாதி டாங்குக்கு மேலேயே இருந்தது.

“பெட்ரோல் இருக்கு, பம்ப் இருக்கு. சரி, மறுபடி ஒரு தடவை அந்தக் குழாயைக் கழட்டிப் பிடி” என்றாள் அண்ணி.

பாட்டிலில் முன்போல இரண்டு சொட்டுதான் விழும் என்று அவன் அலட்சியமாகப் பிடித்திருந்தான். பீச்சிய பீச்சில் பாட்டில் கையிலிருந்து நழுவியது. பூப்போட்ட சட்டை பூராவும் பெட்ரோல். குழாயை மாட்டியதும் வண்டி ஒரே திருப்பலில் ஸ்டார்ட் ஆகி, இத்தனை நேரம் என்னமோ தூங்கி எழுந்த மாதிரி சாதுவாக ஓடியது.

முத்திரை சார் மெக்கானிக்கை நோக்கி விரலை நீட்டினார். “பார்த்தீங்களா? அவன் வந்தான், ஓடுது.”

“அவர் வண்டியைத் தொடவே இல்லையே.”

“பார்த்தான்ல?”

அண்ணி வீட்டுப் பக்கம் பார்த்தாள். குடிக்கத் தண்ணீர் வேண்டும் என்றாள். கொழுந்தனுக்கு விஷயம் புரிந்தது. அண்ணிக்குத் தண்ணீர்த் தாகம் எடுத்தால் யாரோ ஒருவருடைய சமையலறையைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று பொருள்.

வீட்டு அம்மாள் குள்ளமாக, சுறுசுறுப்பாக இருந்தார். பெட்ரோலில் நனைந்து வந்தவனைப் பார்த்துப் பதறிப்போய்க் கணவரின் சட்டை ஒன்றைக் கொடுத்தார். கையைக் கழுவி, சட்டையை மாற்றிக்கொண்டு, முழங்காலைத் தொடும் அந்த வெள்ளைச் சட்டையோடு அவன் கூடத்து சோபாவில் உட்கார்ந்தான். பெட்ரோல் வாசனை போகவில்லை. கையை முகர்ந்தான், சோப்பு மணந்தது. சட்டையை முகர்ந்தான், அலமாரி மணந்தது. ஆனாலும் பெட்ரோல் வாசனை அவனைச் சுற்றியே வந்தது.

“அண்ணி, எனக்குள்ளயே இறங்கிடுச்சு. பின்னாலருந்து தள்ளிவிட்டா ஸ்டார்ட் ஆயிடுவேன்.”

அண்ணி வந்து அவன் முதுகுக்குப் பின்னாலிருந்த குஷனை உருவினாள். மூக்கருகே கொண்டுபோனாள். இன்னொரு குஷனையும் எடுத்துப் பார்த்தாள். பூ வேலை செய்த அழகான குஷன்கள், வரவேற்பறைக்கென்றே வைத்தவை. இரண்டையும் மறுபடி அதே இடத்தில் வைத்து, செல்லமாக ஒரு தட்டுத் தட்டினாள். தண்ணீரோடு வந்த அம்மாள் அதைப் பார்த்துவிட்டு, குஷன்களை மறைத்தாற்போல முன்னால் வந்து நின்றார்.

சமையலறைக்குள் கொழுந்தனும் எட்டிப் பார்த்தான். பிஸ்கட் டின்னுக்கு முத்திரை, காப்பித்தூள் டப்பாவுக்கு முத்திரை, சர்க்கரை ஜாடிக்கு முத்திரை. அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு கரண்டி, அடியெல்லாம் சிவப்பு அரக்கு. டாங்க் பக்கத்தில் நெருப்பு ஆகாது என்று இங்கேயே உருக்கிக் கரண்டியில் எடுத்துக்கொண்டு ஓடுவாராம். “ரசனையா ஒரு காப்பி போட்டுக் குடிக்கணும்னா நான் முத்திரையை உடைச்சிட்டு, அவர் எழுந்துக்கறதுக்குள்ள திரும்ப ஒட்டி வைக்கணும்” என்று அம்மாள் சிரித்தார். மத்தியானம் சாப்பிட்டதும் அவர் தூங்கிவிடுவார், எழுந்திருக்க நாலு மணி ஆகும் என்றும் சொன்னார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, சும்மா கேட்பதுபோல ஒரு கேள்வி கேட்டார்.

“வண்டி மத்தியானத்துக்குள்ள சரியாயிடுமாம்மா?”

“மத்தியானம் எங்கேயாவது போகணுமா?”

“நான் எங்க போறேன்” என்றார் அம்மாள். கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போய்விட்டு வந்தது.

ஏலக்காய் வலது கன்னத்துக்கு மாறியது. அண்ணி அம்மாளிடம் காலியான எண்ணெய் டின் ஒன்று கேட்டாள், கூடவே ஓர் ஆணியும் சுத்தியலும். டின்னில் தண்ணீரை நிரப்பி, வாயை இறுக்கி மூடி எடுத்துக்கொண்டு எல்லோரையும் ஷெட்டுக்குக் கூட்டி வந்தாள்.

“சார், பாக்கெட்டில இருக்கற மூடியைக் கொஞ்சம் கொடுங்க.”

அவர் தயங்கினார். சந்தேகத்துக்குரிய ஆள் இருக்கிறானே என்றார். மெக்கானிக் தானாகவே முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டான். மூடி கைக்கு வந்தது. நட்டநடுவில் தடியாகச் சிவப்பு அரக்கு, அதன்மேல் முத்திரை, ஓரத்தில் அறுந்த நூல். அண்ணி அதைப் பார்த்துவிட்டு டின்னை எடுத்தாள். மேல்பக்கம் ஓரத்தில் ஆணியால் ஒரு துளை போட்டுக் கவிழ்த்தாள். தண்ணீர் ஒரு முட்டு முட்டிவிட்டு நின்றுகொண்டது.

“சார், ஏன் வரல?”

அவருக்குக் கோபம் வந்தது. தன்னிடமா இந்தக் கேள்வி என்ற கோபம். “காத்துக்கு வழி வேணும்ல? எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போடணும். எண்ணெய்க் கடைக்காரன் அளக்கற பாத்திரத்துல காத்து ஓட்டையை அடைச்சு வெச்சா அளவு குறையும். அதுக்காக எத்தனை பேரைப் பிடிச்சிருக்கேன் தெரியுமா?”

அண்ணி எதிர்ப்பக்கம் ஒரு துளை போட்டாள். தண்ணீர் தாராளமாக ஊற்றியது. அப்புறம் தலையிலிருந்து ஒரு ஹேர்ப்பின்னை எடுத்து, மூடியின் நடுவிலிருந்த அரக்கைப் பெயர்த்தாள். அடியில் குண்டூசி முனை அளவுக்கு ஒரு துளை இருந்தது.

“பெட்ரோல் வெளியில போகப் போக, டாங்குக்குள்ள காத்து வர்றதுக்கு வெச்ச வழி இது. நீங்க இதுமேலதான் தினமும் முத்திரை வைக்கறீங்க. ராத்திரி குளிர்ல உள்ள இருக்கற காத்து இன்னும் சுருங்கிடுது. காலையில பம்ப் என்னதான் உறிஞ்சினாலும் டாங்க் விட மாட்டேங்குது. மெக்கானிக் வந்தா எப்படி ஓடுது? அவர் வர்றதுக்கு முன்னாடி நீங்க எல்லாரையும் வெளியில அனுப்பிட்டு மூடியைத் திறந்துடறீங்க. அப்ப வெளியில எங்களுக்குக் கேட்ட பெருமூச்சு உங்களுது இல்ல சார், டாங்க் காத்தை உள்ள இழுத்தது. அவர் பம்பையும் ஃபில்டரையும் மாத்திட்டுப் போனதும் நீங்க மறுபடி அடைச்சிடறீங்க. நோயாளியைப் பார்க்க விட்டீங்க, நோயை மட்டும் பாக்கெட்டில போட்டுக்கிட்டீங்க.”

முதுகைக் காட்டி நின்றிருந்த மெக்கானிக் அடக்க முடியாமல் திரும்பிவிட்டான். மூடியைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். பத்து நாளாக அவனைத் தூங்கவிடாத கோளாறு அது.

முத்திரை சார் சிரிக்கவில்லை. மூடியை வாங்கிக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார், மறுபடி அருகே கொண்டுவந்தார். முகம் என்னவோபோல ஆகிவிட்டது. கடைசியில் கட்டை விரலால் தடவினார். பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டு, விட்ட இடத்துக்கே திரும்பி வந்தார்.

“சரி, ஸ்டார்ட் ஆகாததுக்கு நான் காரணம். குறைஞ்ச பெட்ரோலுக்கு யாரு காரணம்?”

ஷெட் கதவோரம் நின்ற அம்மாளின் முகம் வெளுத்துப்போனது. மெக்கானிக் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு ஓரடி முன்னால் வந்தான்.

“நான்தான் சார் எடுத்தேன். சாயங்காலம் ஷெட்டைக் காலி பண்ணிடறேன்.”

கொழுந்தனுக்குப் பகீரென்றது. அரை மணி நேரமாக இவனுக்காகத்தான் சட்டையை நாசம் செய்துகொண்டு நின்றான். அண்ணி மட்டும் அசையவில்லை.

“எடுத்தீங்களா, சரி. முத்திரையை உடைக்காம எப்படி எடுத்தீங்க?”

அவன் விழித்தான். அடியில் குழாயைக் கழற்றி எடுத்ததாக முணுமுணுத்தான். எந்தக் குழாயை என்று கேட்டாள். அவன் குனிந்து காரின் அடியில் தேடத் தொடங்கினான். கார் விஷயத்தில் அவனுக்குப் பொய் சொல்ல வராது என்பது எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று.

“முத்திரை உடையாம டாங்க்ல பெட்ரோல் குறையறதுக்கு ரொம்ப சுலபமா ஒரு வழி இருக்கு” என்றாள் அண்ணி. “அதை நான் சொல்றதைவிட...”

“நான் சொல்றேன்” என்றார் அம்மாள்.

அவர் கதவோரத்தை விட்டு முன்னால் வந்தார். கை புடவைத் தலைப்பைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தாலும் குரல் நடுங்கவில்லை.

“அந்தத் தம்பி எதையும் எடுக்கல. நான் ஓட்டினேன். ரெண்டு மாசமா, நீங்க தூங்கினதுக்கு அப்புறம். தம்பிதான் பக்கத்துல உட்காந்து சொல்லிக் கொடுத்தார். உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டேன்.”

முத்திரை சாருக்குச் சட்டென்று ஒன்றும் ஏறவில்லை. “நீயா? வண்டியா?”

“நான்தான். இந்த வண்டிதான். சோபா குஷன் ரெண்டைப் போட்டு உட்காந்தா ரோடு நல்லாத் தெரியுது.”

“பத்து நாளா வண்டியே ஸ்டார்ட் ஆகலையே.”

“எனக்கு ஒரு நாளும் மக்கர் பண்ணலையே.”

“என்கிட்ட மட்டும்தான் மக்கரா?” என்றார் அவர், வண்டியைப் பார்த்து, உண்மையாகவே மனம் நொந்துபோய்.

மத்தியானம் தகரக் கூரை காய்ந்தால் டாங்கும் சூடாகும், உள்ளே அடைபட்ட காற்று விரிந்து பெட்ரோலைத் தள்ளிவிடும், பக்கத்துத் தெருவரை போய் வருவதற்கு அது தாராளம் என்று மெக்கானிக் விளக்கினான். ஒருவரும் அவனைக் கவனிக்கவில்லை.

“ஏன் என்கிட்ட சொல்லல?” என்றார் சார்.

“சொன்னா ஏன்னு கேப்பீங்க. ஏன்னு சொன்னா உங்களுக்கு வலிக்கும்.” அம்மாளின் கண் கலங்கியிருந்தது, ஆனால் சொல்ல வந்ததை முடிக்காமல் விடவில்லை. “போன வருஷம் கேட் தூண்ல இடிச்சீங்க. தூண் நகர்ந்திருக்குன்னு சொன்னீங்க. நான் ஆமாம்னேன். உங்க கண்ணு முன்ன மாதிரி இல்லன்னு உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அந்தத் தூணுக்கும் தெரியும். நம்ம ரெண்டு பேருல ஒருத்தருக்காவது ஓட்டத் தெரிய வேணாமா? இன்னிக்கு மூணு மணிக்கு எனக்கு லைசென்ஸ் டெஸ்ட். பாஸ் பண்ணிட்டு வந்து சொல்லலாம்னு இருந்தேன்.”

கொழுந்தனுக்கு அப்போதுதான் எல்லாம் கோத்து வந்தது. வாசலில் கிடைத்த ‘வாங்கம்மா’. கோடு போடாமல் வெட்டு வைத்த குச்சி. காற்றுத் துளையை அடைத்தவனையெல்லாம் தேடித் தேடிப் பிடித்த மனிதர், தன் வீட்டு வண்டியில் அதே துளையின்மேல் பத்து நாள் அரக்கு ஊற்றியது. அவன் அண்ணியைப் பார்த்தான். அவளுக்கு அது மூடியைப் பார்த்தபோதே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் அதை மட்டும் சொல்லாமல் விட்டிருக்கிறாள்.

முத்திரை சார் கையிலிருந்த மூடியை வெகு நேரம் திருப்பித் திருப்பித் தடவிக்கொண்டிருந்தார்.

“அந்த ஓட்டை எனக்குத் தெரியல” என்றார், மெல்ல. “தெரிஞ்சிருந்தா அதுமேல வெச்சிருப்பேனா?”

கண் சரியாகத் தெரியவில்லை என்பதை அவர் யாரிடமும் இதுவரை சொன்னதில்லை. அம்மாள் அருகில் போய் நின்றார். அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். கண் டாக்டரிடம் நாளைக்கே போகலாம் என்று சார் தானாகச் சொன்னார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு மெக்கானிக் பக்கம் திரும்பினார். நல்ல மிடுக்காகத்தான் திரும்பினார்.

“எதுக்கு எல்லாச் சாமானையும் வாசல்ல போட்டு வெச்சிருக்கே? ஷெட்டைக் காலி பண்ணப் போறியா என்ன?”

“நீங்கதான் சார்...”

“நான் ஆயிரம் சொல்வேன். பொய் சொல்லத் தெரியாதவன் வேற யாரு எனக்குக் கிடைப்பான்? உள்ள எடுத்து வை.”

மெக்கானிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு மூடியை வாங்கி, துளையைக் கம்பியால் சுத்தம் செய்து, டாங்கில் மாட்டினான். இந்தத் தடவை வண்டியைத் தொடாதே என்று அவனிடம் யாரும் சொல்லவில்லை.

இரண்டு மணிக்கு அம்மாள் குஷன்களோடு வந்தார். முத்திரை சார் பழக்க தோஷத்தில் நேராக ஓட்டுநர் கதவுக்குப் போய்விட்டார். அங்கே நின்று கொஞ்சம் யோசித்துவிட்டு, சாவியை எடுத்து மனைவியின் கையில் வைத்தார். முன்பக்கம் மெக்கானிக் உட்காரட்டும், நீங்கள் பின்னால் உட்காருங்கள், முன்னால் இருந்தால் சும்மா இருக்க மாட்டீர்கள் என்றார் அம்மாள். அவர் மறுபேச்சு பேசாமல் பின்னால் ஏறினார்.

ஒரே திருப்பல். வண்டி ஸ்டார்ட் ஆகி, பின்பக்கமாக மெதுவாக நகர்ந்தது. கேட் தூண் நெருங்கியது. தூணில் போன வருடக் கீறல் அப்படியே இருந்தது. முத்திரை சாரால் பொறுக்க முடியவில்லை. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு குரல் கொடுத்தார்.

“தூணு... தூணைப் பார்த்து...”

“எனக்குத் தெரியுது” என்றார் அம்மாள். “நீங்க நிம்மதியா உட்காருங்க.”

அவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். கார் தூணை ஒரு சாண் தள்ளி அலுங்காமல் கடந்து, தெருவில் திரும்பி, போயிற்று. பின் கண்ணாடியில் அவர் சாய்ந்து உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

கொழுந்தன் பெரிய வெள்ளைச் சட்டையோடு கேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவன் எதுவும் சொல்லாமல் இருப்பது அண்ணிக்குப் புதிதாக இருந்தது.

“என்ன, பேச்சையே காணோம்? டாங்க் காலியா?”

“காத்து ஓட்டை அடைச்சிக்கிச்சு அண்ணி” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அப்போதுதான் அண்ணி சிரித்தாள். எங்கண்ணன் செருமின மாதிரி என்று காலையில் அவன் சொன்னதற்கும் சேர்த்துச் சிரித்தாள்.